கன்னம் உப்பாத ஒரு படம்

நாயனக்காரரைப் படம் எடுக்கக் கிளம்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: வாசிக்கும்போது அவருக்கு முகம் என்று ஒன்று இருக்காது. கன்னம் இரண்டையும் காற்று எடுத்துக்கொள்ளும். கண் மூடிவிடும். புருவம் எந்தச் சுரத்தைத் துரத்துகிறதோ அந்த உயரத்தில் போய் நிற்கும். வாயில் சீவாளி. மிச்சம் மூக்கு ஒன்றுதான். அதை மட்டும் வைத்துப் பாஸ்போர்ட் சைஸ் போட்டுத் தர எந்த ஸ்டுடியோக்காரரும் சம்மதிக்க மாட்டார்.

என் நண்பர் வத்திராயிருப்பில் நாயனம் வாசிக்கிறவர். சுற்றுவட்டாரத்தில் அவர் வாசிக்காத கல்யாணம் குறைவு. அவர் பெயர் தெரிந்த கல்யாண வீடு அதைவிடக் குறைவு. "மேளத்துக்குச் சொல்லியாச்சா?" என்பதோடு விசாரிப்பு முடிந்துவிடும். முகூர்த்தம் முடிந்து கூட்டம் பந்திக்கு ஓடிய பிறகு, காலி நாற்காலிகளுக்கு அவர் ஒரு கரகரப்பிரியா வாசிப்பார். அதைக் கேட்பதற்காகவே நான் எப்போதும் கடைசிப் பந்தியில் சாப்பிடுகிறவன். பாயசம் தீர்ந்துபோயிருக்கும், வருத்தப்பட்டதில்லை. "நீ மட்டும் மெட்ராஸ்ல பொறந்திருந்தா..." என்று ஆரம்பித்தால், "ஐடி கம்பெனிக்குப் போயிருப்பேன் மாப்ள" என்று அவரே முடித்துவிடுவார்.

இப்போது சிக்கல் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. செண்டை மேளம். ஒரே மாதிரி வேட்டி, ஒரே மாதிரி ஆட்டம், செல்போனுக்கு வீடியோ. அதைப் பார்த்துப் பழகியவர்கள் நண்பரிடமும், "போட்டோ ஒண்ணு வாட்ஸ்அப்ல போடுங்க" என்று கேட்கிறார்கள். வாசித்ததை அனுப்பு என்று கேட்ட ஆள் கிடையாது.

என்னிடம் கேமரா இருந்தது. சாம்பல் நிற அணிலைப் படம் எடுக்க வாங்கியது. அந்த அணிலுக்கென்று ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் 1988இல் சரணாலயம் அமைத்தார்கள். 2021இல் மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகமாக உயர்த்தினார்கள். நாயனக்காரருக்கு இதுவரை அப்படி எதுவும் அறிவிக்கவில்லை. ஆகவே நானே முயன்று பார்க்கலாம் என்று முடிவு செய்தேன்.

முதலில், எங்காவது பழைய படம் இருக்குமா என்று ஊரில் தெரிந்த வீடுகளில் கல்யாண ஆல்பங்களைப் புரட்டினேன். கெட்டிமேளம் என்று குரல் எழும்பிய நொடியில் உலகத்துக் கேமராக்கள் எல்லாம் தாலிக்குத் திரும்பிவிடுகின்றன. அந்த நொடியில்தான் இவர் உயிரைக் கொடுத்து ஊதுகிறார். ஓர் ஆல்பத்தில் முழங்கை. இன்னொன்றில் பெண்ணின் காதுக்குப் பக்கத்தில் நாயனத்தின் விரிந்த நுனியான அணசு மட்டும். வேறொன்றில் தவில்காரரின் தலைக்குப் பின்னால் பாதி நெற்றி. வத்திராயிருப்பு ஆல்பங்களையெல்லாம் வெட்டி ஒட்டினால் ஒரு முழு நாயனக்காரர் கிடைத்துவிடுவார்.

சரி, புதிதாகவே எடுப்போம் என்று பிளவக்கல் அணைக்குப் போனோம். மலை, தண்ணீர், தென்னை எல்லாம் பின்னால் இலவசம். ஆனால் அங்கே ஏற்கெனவே ஒரு புதுமண ஜோடிக்கு அவுட்டோர் ஷூட் நடந்துகொண்டிருந்தது. இவரையும் நாயனத்தையும் பார்த்த அவர்களது போட்டோகிராபருக்கு முகம் மலர்ந்தது. "அண்ணே, ஜோடிக்குப் பின்னாடி கொஞ்சம் நில்லுங்க. வாசிக்க வேணாம்ணே, சும்மா வாயில வச்சுக்கங்க." இவரும் நின்றார். அந்த மாப்பிள்ளையின் அப்பா கல்யாணத்துக்கும் வாசித்தவர் இவர்தான் என்பது பேச்சுவாக்கில் தெரிந்தது. அந்த ஆல்பத்திலும் முழங்கைதான் இருக்கும்.

எங்கள் முறை வந்தபோது நீளம் தகராறு செய்தது. அவர் வைத்திருப்பது நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த பாரி நாயனம், இரண்டரை அடி. முகத்தைப் பிடித்தால் அணசு வெளியே போகிறது. அணசைப் பிடித்தால் முகம் காணாமல் போகிறது. நாயனத்தை நிமிர்த்திப் பிடித்து நிற்கச் சொன்னேன். அந்த வழியாகப் போன ஒருவர் அவரிடம் பார்க்கிங் எவ்வளவு என்று கேட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனேன். வாசலுக்கு வெளியே மேற்குத்தொடர்ச்சி மலை முழுதாக நிற்க, உள்ளே சுவரில் சுவிட்சர்லாந்துப் பனிமலை. "சிரிங்கண்ணே" என்றார் ஸ்டுடியோக்காரர். "சீவாளியை வாயில வச்சுக்கிட்டு எப்படிய்யா சிரிக்கிறது?" என்றார் நண்பர். அதற்கு ஸ்டுடியோக்காரரிடம் பதில் இல்லை. வெளியே வந்ததும் ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார்: "அரசு முத்திரையில இருக்கிறது இதுவா, மதுரைக் கோபுரமான்னே இன்னும் சண்டை ஓயல. நம்ம மூஞ்சி எம்மாத்திரம்!"

யோசித்துப் பார்த்தால், நாயனத்துக்கும் முகத்துக்கும் எப்போதுமே ராசியில்லை. 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் 'சிங்கார வேலனே' பாட்டுக்கு ஊதியவர் காருகுறிச்சி அருணாசலம். திரையில் வாயில் வைத்துக்கொண்டவர் ஜெமினி கணேசன். 1968இல் 'தில்லானா மோகனாம்பாள்'. வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிக்கல் சண்முகசுந்தரமாகக் கன்னத்தை உப்பியவர் சிவாஜி. நாயனக்காரர் முகம் என்றதும் தமிழ்நாட்டுக்கு நினைவு வருவது, நாயனம் வாசிக்காத ஒருவருடைய முகம்தான்.

கடைசியில் ஒரு நல்ல படம் சிக்கியது. அதிகாலை, கோயில் மண்டபம், குறைந்த வெளிச்சம். அவர் தோடியில் இறங்கியிருந்தார், கேமராவை மறந்துவிட்டார். கன்னம் நிறைந்து, கண் மூடி, ஒரு புருவம் மட்டும் ஏறி நிற்கிற படம். வீட்டில் காட்டியபோது அவர் மனைவி, "பல்வலி வந்த மாதிரில்ல இருக்காரு? வேற நல்ல படம் இல்லையாண்ணே?" என்றார். நண்பர் மட்டும் செல்போனை வாங்கி, விரலால் பெரிதாக்கி, புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "காந்தாரத்துல நிக்கிறேன் மாப்ள."

படத்தில் சத்தம் கேட்ட ஆள் அவர் ஒருவர்தான். பிளெக்ஸ் கடைப் பையனுக்குக் கேட்கவில்லை. "இது செட் ஆகாதுண்ணே, நான் பாத்துக்கிறேன்" என்றவன், சாயங்காலம் பேனரைக் கொடுத்தான். நண்பரின் பெயர், செல் நம்பர், மங்கள இசை. நடுவில் பட்டுச்சட்டை போட்ட சிக்கல் சண்முகசுந்தரமாகச் சிவாஜி கணேசன்.

பேனரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன். அதற்குள் பேனரைப் பார்த்துப் போன் வந்துவிட்டது. ராஜபாளையத்திலிருந்து ஒரு பெண் வீட்டார். தேதி, நேரம், முன்பணம் எல்லாம் பேசி முடித்தபின் அந்தப் பக்கத்தில் யாரோ கேலியாகக் கேட்டார்கள்: "படத்துல இருக்கிறவரே வருவாரா அண்ணாச்சி?"

நண்பர் அலட்டிக்கொள்ளவில்லை. "கூட்டியாரேங்க. ஆனா வாசிக்கிறது நான்தான். அவருக்கு எப்பவுமே வேற ஆளுதான் வாசிக்கணும்."