கவட்டைத் தையலும் கால் கிலோமீட்டர் ஆசையும்

ஆஸ்லோ

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்தியும் தையல் மெஷினும் சுகம்தானே? இங்கே மார்ச் பிறந்தும் பனி விட்டபாடில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹோல்மென்கொல்லன் மலையில் ஸ்கீ ஜம்பிங் பார்த்தேன். 1892 முதல் அங்கே போட்டி நடக்கிறது. ராஜா குடும்பத்துக்கென்றே தனி மேடை உண்டு. உச்சியில் ஒரு கம்பியில் பையன் உட்கார்ந்திருக்கிறான். கோச் கொடியை இறக்கியதும் விடுகிறான் பாருங்கள், மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம்! ஓடுபாதையின் நுனி மேல்நோக்கி வளைந்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? அது கீழ்நோக்கித்தான் சாய்ந்திருக்கிறது. சரியான நொடியில் காலை உதைத்து எழும்ப வேண்டும். பிறகு ஸ்கீ கட்டைகளை 'வி' எழுத்துப்போல் விரித்து, காற்றின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு வருகிறான்.

அந்த 'வி'யைப் பிரபலமாக்கியவர் ஸ்வீடன்காரர் யான் போக்லொவ். அழகில்லை என்று நடுவர்கள் மார்க்கைக் குறைத்தார்கள். மனுஷன் அதையும் மீறி 1989இல் உலகக் கோப்பையை அடித்தார். இன்று எல்லோரும் அப்படித்தான் பறக்கிறார்கள்.

நடுவர்கள் மட்டும் திருந்தவில்லை. ஐந்து பேர், ஆளுக்கு 20 மார்க். கூடினதையும் குறைந்ததையும் தள்ளிவிடுவார்கள். 120 மீட்டர் பறந்து முழுசாக வந்து சேர்ந்தவனிடம், ஒரு காலை முன்வைத்து இறங்கவில்லையே என்று குற்றம் கண்டுபிடிக்கிறார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் தோற்றார்கள்.

உங்களுக்குப் பிடித்த விஷயம் இனிமேல்தான். ஒல்லியானவன் அதிக தூரம் போவான் என்று பட்டினி கிடந்தார்களாம். அதனால் உயரத்துக்கேற்ற எடை இல்லாவிட்டால் கட்டையின் நீளத்தைக் குறைக்கிறார்கள். உடை தொளதொளவென்றிருந்தால் காற்று தாங்கும் என்று அதையும் அங்குலம் அங்குலமாக அளக்கிறார்கள். அளந்தும் என்ன? 2025இல் நார்வேயின் ட்ரொண்ட்ஹெய்மில் நடந்த உலகப் போட்டியில், அனுமதி வாங்கிய உடையின் கவட்டையில் விறைப்பான நூலை ஓட்டித் தைத்து நார்வேக்காரர்களே மாட்டிக்கொண்டார்கள். யாரோ திருட்டுத்தனமாக வீடியோ எடுத்துவிட்டார்கள். கோச்சோடு தையல்காரரையும் இடைநீக்கம் செய்தார்கள். அதே ஆண்டு ஸ்லொவேனியாவின் பிளானிட்சாவில் டோமென் ப்ரெவ்ட்ஸ் 254.5 மீட்டர் பறந்து உலக சாதனை செய்தார். கால் கிலோமீட்டர், சித்தப்பா!

என் குளிர்கோட்டின் ஜிப் பிய்ந்துவிட்டது. அதை மாற்ற இங்கே கேட்கிற கூலியில் நம் ஊரில் கோட்டே தைத்துவிடலாம். லீவில் கொண்டுவருகிறேன், நீங்களே மாற்றித் தாருங்கள். கூலி மட்டும் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்