இல்லறத்தார் ஓட்டம்: நாஞ்சில் நாட்டை முன்வைத்து ஒரு முதல்நிலை ஆய்வு

கணவனும் மனைவியும் ஒரே வாசலில் ஒரே நேரத்தில் கிளம்பினாலும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்வதில்லை. கல்யாண வீடு, துஷ்டி வீடு, ஆஸ்பத்திரி என எந்த இடத்துச் சான்றை எடுத்தாலும் இதுதான் நிலை. ஒருவர் வண்டியில் ஏறி ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார். மற்றவர் கேஸ் மூடியாயிற்றா என்று பார்க்க மறுபடி உள்ளே போயிருப்பார். இவ்வளவு பரவலான ஒரு நிகழ்வைத் தமிழாய்வுலகம் கண்டுகொள்ளவே இல்லை. தலைவனையும் தலைவியையும் திணை, துறை என்று வகுத்து வைத்த நம் முன்னோர், உடன்போக்கு என்று தனித்துறையே கண்டவர்கள், அந்தப் போக்கில் யார் மணிக்கு எத்தனை காதம் நடந்தார் என்று ஓர் அட்டவணை போடாமல் விட்டது பெருங்குறை. அக்குறையைத் தீர்க்கவே இக்கட்டுரை எழுந்தது.

இருவரும் ஓடியே தீரவேண்டிய ஒரு களம் இருந்தால்தான் ஆய்வு நடக்கும். வெளிநாட்டார் இதில் நம்மை முந்திக்கொண்டார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1971 அக்டோபரில் திறந்த வால்ட் டிஸ்னி வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காவில் 1994 முதல் மராத்தான் நடக்கிறது. தம்பதியர் விடுமுறை எடுத்து, ஓட்டல் அறை போட்டு, ஓடப் போகிறார்கள். இதில் முற்றியவர்களுக்கென்று டோபி சவால் என ஒன்று உண்டு. ஜனவரியில் வியாழன் முதல் ஞாயிறு வரை, முதல் நாள் 5 கிலோமீட்டர், மறுநாள் 10, அதன்பின் அரை மராத்தான், கடைசி நாள் முழு மராத்தான். ஆக 48.6 மைல், நம் கணக்கில் 78 கிலோமீட்டர். முடித்தவர் கழுத்தில் ஆறு பதக்கம் தொங்கும். டோபி என்பவன் 1937இல் வந்த ஸ்னோ ஒயிட் படத்துக் குள்ளர் எழுவரில் வாயே திறக்காதவன். மனைவியோடு சேர்ந்து நான்கு நாள் ஓடுகிறவனுக்கு இந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தவர் அனுபவசாலி.

மராத்தான் காலை ஐந்து மணிக்குத் தொடங்கும். அதற்கு இரண்டு, இரண்டரைக்கே எழவேண்டும். ஓய்வெடுக்கப் போன இடத்தில் இரண்டு மணிக்கு அலாரம் வைப்பதன் தத்துவம் ஆராயத்தக்கது, இங்கே இடமில்லை. வழி நெடுக மிக்கி, கூஃபி வேடமிட்டவர்கள் நிற்பார்கள். ஓடுகிறவர்கள் ஓட்டத்தை நிறுத்தி, வரிசையில் நின்று, அவர்கள் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு மறுபடி ஓடுவார்கள். டோபி சவாலின் கட்டணம் சமீப ஆண்டுகளில் 600 டாலரைத் தாண்டிவிட்டது. இத்தகவலை நாகர்கோவில் வடசேரிச் சந்தையில் ஒரு பெரியவரிடம் சொன்னபோது அவர் கூறிய கருத்தை உள்ளபடி பதிவுசெய்கிறேன்: “பைசாயும் குடுத்து ஓடவும் செய்யணுமாக்கும்? ராத்திரி பத்து மணிக்கு நம்ம தெருவுல நடந்தாப் போரும்; நாயி சும்மாவே ஓட்டிவிடும்லா.”

இனி நம் களம். கன்னியாகுமரி மாவட்டத்தில் கேளிக்கைப் பூங்கா இல்லாமல் இல்லை. கன்னியாகுமரியில் சன்செட் பாயின்ட் பக்கம் பே வாட்ச் இருக்கிறது. ஆனால் அங்கே தம்பதியர் ஓடுவது கைவிட்டு ஓடும் குழந்தையின் பின்னால் மட்டுமே என்பதால் ஒப்பீட்டுக்குப் போதாது. பன்னிரண்டு நிலைகள், வழி நெடுகத் தாகசாந்தி, விரட்டும் மிருகம், முடிவெல்லை எல்லாம் முறைப்படி அமைந்த ஓட்டம் ஒன்று இங்கே வால்ட் டிஸ்னியின் பாட்டனார் பிறப்பதற்கு முன்பே இருந்துவருகிறது. அது மாசி மாதத்துச் சிவராத்திரியையொட்டிப் பன்னிரண்டு சிவன் கோவில்களுக்கு ஓடும் சிவாலய ஓட்டம்.

‘நாஞ்சில் நாடு என்பது தோவாளையும் அகஸ்தீசுவரமும்தான், சிவாலயங்கள் இருப்பதோ பழைய கல்குளம், விளவங்கோடு வட்டங்களில், ஆகவே தலைப்பே தவறு’ என்று எல்லை அறிந்தவர் எழுந்து நிற்பார். அமரவேண்டுகிறேன். அந்த எல்லைதான் இவ்வாய்வின் அடித்தளம். நாகர்கோவில்காரருக்கு மேற்கே போவது வெளியூர்ப் பயணம். பேச்சு மாறும், பலாவும் ரப்பரும் தொடங்கும், சாயாவின் நிறம்கூட மாறும். ஆகவே நாஞ்சில் தம்பதி ஒன்று சிவராத்திரியன்று மேற்கே போய்ப் பன்னிரண்டு கோவிலும் கண்டு திரும்புவது, இலக்கணப்படி, ஓட்டத்தை நோக்கமாகக் கொண்ட இன்பச் சுற்றுலாவே. மாவட்டத்துக்கு அன்று உள்ளூர் விடுமுறையும் உண்டு.

முஞ்சிறைத் திருமலையில் தொடங்குவது மரபு. பிறகு திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, கடைசியில் திருநட்டாலம். விரதமிருந்து, காவி உடுத்து, கையில் பனையோலை விசிறியோடு, காலில் செருப்பின்றி, சிவராத்திரிக்கு முந்தின நாள் சாயங்காலம் புறப்படுவார்கள். விசிறிக் காம்பில் சின்னத் துணிப்பை இரண்டு தொங்கும். ஒவ்வொரு கோவிலிலும் குளித்து, ஈரத்தோடு கும்பிட்டு, அடுத்ததற்கு ஓடவேண்டும். ஓடுகிறவர்கள் கூப்பிடுவது சிவனை அல்ல; “கோபாலா, கோவிந்தா” என்று. அதனால் அவர்களுக்குக் கோவிந்தன்மார் என்றே பெயர். சிவனைப் பார்க்க விஷ்ணுவைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடும் இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் பின்னால் வரும்.

தூரம் குறித்து அறிஞரிடையே ஒற்றுமை இல்லை. 80 கிலோமீட்டர் என்பார் உண்டு. 110 என்பாரும் உண்டு. சாலையில் போனவருக்கு ஒரு கணக்கு. வயல் வரப்பு, சானல் கரை, ரப்பர் தோட்டம் என்று குறுக்கே புகுந்தவருக்கு வேறு கணக்கு. மனைவி வழி சொல்லக் கேட்டுப் போனவர் கணக்கும், கேளாமல் போனவர் கணக்கும் இவை இரண்டிலும் அடங்கா. சச்சரவைத் தவிர்க்க 100 என்று வைத்துக்கொள்வோம். டிஸ்னியில் மைலுக்கு 16 நிமிடத்துக்குமேல் ஆகக்கூடாது. கிலோமீட்டருக்குச் சற்றேறக்குறையப் பத்து நிமிடம். அந்த வேகத்தில் 100 கிலோமீட்டரைப் பதினாறரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். நம்மவர்களுக்கு ஓர் இரவும் ஒரு பகலும் பிடிக்கிறது. ஆனால் மாசி வெயிலில் காய்ந்த தார்ச்சாலையில் வெறுங்காலோடு, பன்னிரண்டு முறை முங்கி எழுந்து ஓடும்படி மிக்கியை ஒருமுறை கேட்டுப் பார்த்தபிறகே யார் வேகம் என்று தீர்ப்புச் சொல்லவேண்டும். தவிர, இங்கே நுழைவுக் கட்டணம் இல்லை. மோர், பானகம், சுக்குநீர், கஞ்சி எல்லாம் ஊரார் கூப்பிட்டுக் கொடுப்பது.

விரட்டும் மிருகத்துக்கு வருவோம். ஓட்டத்துக்கு ஊரில் சொல்லும் கதை இது. தருமரின் யாகத்துக்குப் புருஷாமிருகத்திடம் போய்வரும்படி கண்ணன் பீமனை ஏவுகிறான். புருஷாமிருகம் பாதி மனிதன், பாதி மிருகம், பெரிய சிவபக்தன், விஷ்ணு பெயரைக் கேட்டால் ஆகாது. பீமன் கையில் பன்னிரண்டு ருத்திராட்சம். “கோபாலா, கோவிந்தா” என்று பீமன் குரல் கொடுக்க, மிருகம் விரட்டுகிறது. பிடிபடப்போகும் நேரம் பீமன் ஒரு ருத்திராட்சத்தைக் கீழே போடுகிறான், அது லிங்கமாகிறது. மிருகத்துக்கு விரட்டுவதைவிடப் பூசை பெரிது. குளித்து, கும்பிட்டு, மறுபடி விரட்டுகிறது. இப்படிப் பன்னிரண்டு இடம்.

டிஸ்னி மராத்தானிலும் இதற்கு இணையான பாத்திரம் உண்டு என்பதை இவ்வாய்வாளன் பெருமிதத்தோடு நிறுவுகிறான். எல்லோருக்கும் கடைசியில், உடம்பில் பலூன் கட்டிய பெண்கள் சிலர் விதித்த வேகத்தில் நடந்துவருவார்கள். பலூன் சீமாட்டிகள் என்று பேர். அவர்கள் தாண்டிப் போய்விட்டால் பின்தங்கியவரை வண்டியில் ஏற்றிவிடும் அபாயம் உண்டு. ஓடுகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பது அந்தப் பலூனைத்தான். ஃபுளோரிடாவானாலும் முஞ்சிறையானாலும் பின்னால் ஒருவர் வந்தால்தான் மனிதன் ஓடுவான். இல்லறத்தில் அந்தப் பின்னால் வருபவர் யார் என்பதே மீதமிருக்கும் ஆய்வுச் சிக்கல்.

காலால் ஓடுவோர் பெரும்பாலும் ஆண்கள் என்பதால், தம்பதித் தரவுக்கு வாகன ஓட்டத்தை நாடவேண்டியதாயிற்று. இப்போது பைக், கார், வேன் என்று குடும்பத்தோடு கிளம்புவோர் ஏராளம். மாதிரியாக எடுத்துக்கொண்டது வடசேரிப் பக்கத்துத் தம்பதி ஒன்று, வாகனம், ஸ்கூட்டர். ஆய்வு நெறிப்படி பெயர்கள் மறைக்கப்படுகின்றன. தெருவில் உள்ளவர்கள் ஸ்கூட்டரின் நிறத்தைக் கேட்டே கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் நிறமும் மறைக்கப்படுகிறது.

விடியுமுன் திருமலையில் தொடங்கினார்கள். திற்பரப்பு வரை கருத்து வேறுபாடு பதிவாகவில்லை. அருவிச் சத்தத்தில் எதுவும் கேட்காததும் காரணமாகலாம். குலசேகரம் சந்திப்பில் அது வெடித்தது. செல்போன் ஒரு வழி காட்டியது. அம்மையார் செல்போன் கட்சி. கணவர், “ஏட்டி, எனக்குத் தெரியாத்த வழியா?” என்று எதிர்த்திசையில் திருப்பினார். வண்டி நெரிசலில் மாட்டிக்கொண்டது. பொன்மனைக் கோவில் வாசலுக்கு வந்தபோது முன்னால் ஒரு கோவிந்தன் நின்றார். அவர் விசிறியில் ஒரு பை கிழிந்து ஊக்குப் போட்டிருந்தது. அதே ஊக்கைத் திருநந்திக்கரையில் இவர்கள் பார்த்திருக்கிறார்கள். அங்கிருந்து இவர்கள் புறப்பட்டபோது அவர் குளித்துக்கொண்டிருந்தார். ரப்பர் தோட்டத்துக்குள் புகுந்து வந்தாராம். அம்மையார் ஊக்கையும் பார்த்தார், கணவரையும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இந்த மௌனத்தை அளக்கக் கருவி இல்லாதது நம் துறையின் போதாமை.

கோவிலுக்குள் வேக விகிதம் தலைகீழாகிறது. கணவர் கொடிமரத்தைத் தொட்டு, கன்னத்தில் போட்டு, வெளியே வந்துவிடுவார். அம்மையார் ஒவ்வொரு சன்னதியிலும் நின்று, மருமகள் பிரசவம் முதல் எதிர்வீட்டுத் தென்னை மட்டை நம் ஓட்டில் விழுவது வரை விண்ணப்பம் வைத்துவிட்டே வருவார். விரட்டுவதைவிடப் பூசை பெரிது என்னும் இலக்கணம் இங்கே அப்படியே பொருந்துவதால், அம்மையாரே புருஷாமிருகம், கணவர் பீமன் என்று ஆய்வாளன் அவசரப்பட்டு எழுதிக்கொண்டிருந்தான். தக்கலையில் அக்கருதுகோள் உடைந்தது. டயரில் காற்றுப் பார்க்க என்று போன கணவர் கால் மணி நேரம் கழித்து வந்தார்.

“இவ்வளவு நேரம் எங்க போனியோ?”

“வழியில மோர் குடுத்தாவோ. வேண்டாம்னு சொல்லவா முடியும்?”

“மோருக்கு ரசவடை மணம் உண்டுமா?”

சிவராத்திரி விரதத்தன்று இது சாதாரணக் கேள்வி அல்ல. ஆக, ருத்திராட்சம் இரு தரப்பிலும் விழுகிறது. அவருக்குச் சன்னதி, இவருக்குச் சாயாக்கடை. பீமனும் மிருகமும் நிரந்தரப் பதவிகள் இல்லை, ஊருக்கு ஊர் கைமாறுகின்றன என்று கருதுகோள் திருத்தப்பட்டது.

காத்திருப்போர் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். சிவன் கோவில்களில் சன்னதியைப் பார்த்தபடி, எப்போது வருவார் என்று கேட்காமல், எழுந்தும் போகாமல் உட்கார்ந்திருக்கும் நந்தியை உலகத்துத் துணைவர்களுக்கெல்லாம் முன்னோடியாகக் கொள்ளலாம். பன்னிரண்டில் திக்குறிச்சியில் மட்டும் நந்தி இல்லை. அங்கே நம் தகவலாளர் கணவர் மதில் நிழலில் உட்கார்ந்து செருப்புக்குக் காவல் இருந்தார் என்பதைத் தற்செயல் என்று ஒதுக்க மனம் வரவில்லை. கல்குளத்திலிருந்து மேலாங்கோடு கூப்பிடு தூரம்தான் என்றாலும், வண்டி நிறுத்த இடம் தேடியதில் அதற்கே அதிக நேரமாயிற்று. மற்றக் கோவில்கள் அமைதியாக முடிந்தன. வடை விவகாரத்துக்குப் பின் கணவர் எல்லாச் சன்னதியிலும் கூடவே நின்றார்.

கதையின் முடிவு திருநட்டாலத்தில். பன்னிரண்டாவது ருத்திராட்சமும் தீர்ந்து, பீமன் ஒரு கால் தன் எல்லைக்குள்ளும் ஒரு கால் வெளியிலுமாக இருக்கையில் மிருகம் பிடித்துக்கொள்கிறது. வழக்கு தருமரிடம் போகிறது. தம்பி என்று பாராமல், உடம்பில் பாதி மிருகத்துக்கு என்று அவர் தீர்ப்புச் சொல்கிறார். அங்கே சுவாமியும் பாதி சிவன், பாதி விஷ்ணுவாகச் சங்கரநாராயணர். கோபாலனைக் கூப்பிட்டு ஓடியவரும் மகாதேவரைக் கும்பிட்டு விரட்டியவரும் வந்து நிற்பது ஒரே சன்னதியில்.

இத்தீர்ப்பு நடைமுறைக்கு உதவுமா என்பதற்கு அன்றிரவே சான்று கிடைத்தது. நட்டாலத்திலிருந்து நாகர்கோவில் திரும்பவேண்டும். கணவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பாதி வழி நீங்கள், பாதி வழி நான் என்று அம்மையார் தருமர் நிலையில் நின்று தீர்ப்பளித்தார். தக்கலையில் சாவி கைமாறியது. வில்லுக்குறி வரை கணவர் “பைய போ, பைய போ” என்று சொல்லிப் பார்த்தார். அதன்பிறகு, எதிரே வந்த லாரிக்காரர் வாகன ஓட்டக் கோவிந்தன்மார் யாரோ என்று நினைத்து வழிவிடும் அளவுக்கு, பின்சீட்டிலிருந்து “கோபாலா, கோவிந்தா” என்று சத்தம் கேட்டுக்கொண்டே போயிற்று.