மாமன் சொல்லுதேன் கேளு: பிராங்ளின் புராணம்

ஏலே மருமவனே, நாலு மணிக்கு அலாரம் வச்சு வீட்டையே எழுப்பிவிட்டுட்டு நீ மட்டும் திரும்பிப் படுத்துக்கிட்டியாமே! எங்கக்கா வந்து புலம்பிட்டுப் போறா. சீக்கிரம் படுத்துச் சீக்கிரம் எந்திரிக்கணும்னு பெஞ்சமின் பிராங்ளின் சொல்லியிருக்காருன்னு சுவத்துல வேற ஒட்டியிருக்கியாம். ஒட்டு, தாராளமா ஒட்டு. ஆனா ஆளு யாருன்னு தெரிஞ்சுக்கிட்டு ஒட்டு.

அந்த மனுசன் பிரான்சுல அமெரிக்கத் தூதரா இருந்தப்போ கூடவே வேலை பாத்தவரு ஜான் ஆடம்ஸ். 'கிழவர் காலை ஆகாரத்துக்கே நேரங்கழிச்சுத்தான் உக்காருதாரு'ன்னு அவரு பொருமி எழுதி வச்சிருக்காரு. வருசாவருசம் பஞ்சாங்கம் போட்டு ஊருக்குச் சிக்கனம் சொன்னவரு வீட்டு நிலவறையில, ஆயிரம் பாட்டிலுக்கு மேல ஒயின். அப்போ ஆளு பொய்யரா மாமான்னு கேக்காதே. அங்கதான் விசயமே இருக்கு.

1706-ல பாஸ்டன்ல பொறந்தாரு. அப்பனுக்குச் சோப்பும் மெழுகுவத்தியும் காய்ச்சுற தொழில். இவரு அண்ணனோட அச்சாபீஸ்ல வேலை பழகுன பையன். தம்பி எழுதுனதுன்னு தெரிஞ்சா அண்ணன் பத்திரிகையில போடமாட்டான். பதினாறு வயசுப் பய என்ன செஞ்சான் தெரியுமா? 'சைலன்ஸ் டூகுட்'னு ஒரு விதவைப் பொம்பளை பேருல எழுதி, ராத்திரியோட ராத்திரியா அச்சாபீஸ் கதவுக்கு அடியில சொருகிட்டான். இதை எந்தப் படிச்ச மேதாவி எழுதியிருப்பாருன்னு அண்ணனும் கூட்டாளிகளும் மண்டையைப் பிச்சுக்கிட்டாங்க. பதினாலு கடிதாசி வந்துச்சு. போட்ட மொத வேசம் அது.

பெறவு அண்ணன்கிட்ட அடிபட்டுச் சலிச்சு, 1723-ல பிலடெல்பியாவுக்கு ஓடிப்போயி, சொந்தமா அச்சுக்கூடம் வச்சாரு. வாங்குன காயிதத்தைக் கைவண்டியில ஏத்தி, தெருவழியே தானே தள்ளிக்கிட்டு வருவாராம். பாடுபட்டவருதான், சந்தேகமில்ல. ஆனா படுற பாடு நாலு பேரு கண்ணுல விழணும்னும் கவனமா இருந்தேன்னு சுயசரிதையில அவரே ஒத்துக்கிட்டாரு. அவரு வண்டியில காயிதம் இருந்துச்சுடே. நீ வெறும் வண்டியைல்லா உருட்டுதே!

நற்குணத்துக்குக் கட்டம் போட்ட கதையும் உன் சுவத்துல இருக்கும். கட்டத்துல தப்புக்கு ஒரு கரும்புள்ளி. மொதல்ல பன்னெண்டு குணந்தான் எழுதினாரு. 'உமக்குத் தலைக்கனம் ஜாஸ்திவே'ன்னு குவேக்கர் சமயத்து நண்பர் ஒருத்தர் எடுத்துச்சொன்ன பெறவுதான் பதிமூணாவதா பணிவு வந்து உக்காந்துச்சு. அந்தப் பணிவு நெசமா வரலை, வந்தமாதிரி காட்டத்தான் வந்துச்சுன்னும் எழுதிட்டாரு. நம்ம பெரிய மனுசங்கள்ல ஒருத்தரை இதை எழுதச் சொல்லு பாப்போம்.

தொழில்போட்டியைக் கேளு. இவரோட 'ஏழை ரிச்சர்ட்' பஞ்சாங்கத்துக்கு எதிர்க்கடை டைட்டன் லீட்ஸ்னு ஒருத்தரு. 1733 அக்டோபர் 17-ந்தேதி லீட்ஸ் சாவாருன்னு நட்சத்திரக் கணக்குப் போட்ட மாதிரி நம்மாளு அச்சடிச்சுட்டாரு. அந்தாளு சாகலை. 'நான் உயிரோடதான்டா இருக்கேன்'னு கண்டபடி திட்டி எழுதினாரு. 'என் நண்பர் லீட்ஸ் மரியாதை தெரிஞ்சவரு, இப்படி வைய மாட்டாரு, அதனால அவரு போய்ச் சேந்தது உறுதி'ன்னு நம்மாளு மறுவருசம் பதில் போட்டாரு. லீட்ஸ் என்னத்தச் செய்வாரு, பாவம்.

எழுபது வயசுல பாரிசுக்குப் போனாரு. அங்க எல்லாரும் பவுடர் போட்ட பொய்மயிர்ல திரியுதான். இவரு தலையில மென்மயிர்த் தொப்பி மட்டும். காட்டுலேருந்து ஞானி வந்துட்டாருன்னு பிரெஞ்சுக்காரன் சொக்கிப்போயிட்டான். காடாவது ஒண்ணாவது! அதுக்கு முன்னால லண்டன்லயே பதினஞ்சு வருசத்துக்கு மேல குடியிருந்தவருடே. அந்தத் தொப்பிக்குக் கீழே இருந்த மூளைதான் 1778-ல, இங்கிலாந்துகிட்ட விடுதலை கேட்டு அமெரிக்கா நடத்துன சண்டையில பிரான்சைக் கூட்டாளியாக்குன ஒப்பந்தத்தை வாங்கிட்டு வந்துச்சு.

ஒண்ணு மட்டும் இந்த மாமனுக்குச் செமிக்கல. பெஞ்சாதி டெபோராவுக்குக் கடல்னா பயம். 1764-ல அவளை விட்டுட்டு லண்டன் போன மனுசன் பத்து வருசமாத் திரும்பலை. 1774 டிசம்பர்ல அவ போய்ச் சேந்தா. இவரு வந்தது மறுவருசம். மகன் வில்லியம், மின்னலைச் சோதிக்க இடிமழையில பட்டம் விட்டப்போ கூட நின்ன பய, அந்த விடுதலைச் சண்டையில இங்கிலாந்து அரசர் பக்கம் நின்னுட்டான். இங்கிலாந்தோடயே சமாதானம் பேசி முடிச்ச கிழவருக்கு மகனை மன்னிக்க மனசு வரலை. உயில்லயும் குத்திக்காட்டிட்டுத்தான் போனாரு. ஏலே, இதுக்கு அந்தக் கட்டத்துல எங்க புள்ளி வைக்கது?

அடிமை விசயத்துலயும் அப்படித்தான். வீட்டுல அடிமை வச்சிருந்தாரு, அடிமை விற்பனை விளம்பரமும் தன் பத்திரிகையில போட்டாரு. வயசான காலத்துல புத்தி திரும்பி, அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவராகி, 1790-ல அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு மனுப் போட்டாரு. அங்க ஜார்ஜியாக்காரர் ஜேம்ஸ் ஜாக்சன் எந்திரிச்சு, அடிமை இல்லேன்னா பொழப்பு என்னாவும்னு பேசினாரு. படுத்த படுக்கையா கெடந்த கிழவர் பேனாவை எடுத்தாரு. இந்தத் தடவை வேசம் அல்ஜீரியத் துருக்கர். பிடிச்சு வச்ச கிறிஸ்தவ அடிமைகளை விட்டுட்டா நம்ம நிலத்தை யாரு உழுவான்னு, ஜாக்சன் சொன்ன நியாயத்தையே வரிக்கு வரி அந்தத் துருக்கர் வாயில வச்சு எழுதினாரு. எழுதின தேதி மார்ச் 23. ஏப்ரல் 17-ந்தேதி செத்துப்போனாரு.

சரி, சுவத்துக் காயிதத்தைக் கிழிக்க வேண்டாம். அலாரத்தை மட்டும் ஆறு மணிக்கு மாத்தி வையி. எங்கக்கா தூங்கட்டும்.