ஆளை விட்டால் போதுமா?

கேள்வி: சந்தேகத்தின் பேரில் பிடித்துப்போய் கைரேகையும் எச்சில் மாதிரியும் எடுத்தார்கள். கோர்ட் விடுதலை செய்துவிட்டது. எடுத்ததைத் திருப்பித் தருவார்களா?

பதில்: தர மாட்டார்கள், ஆனால் அழித்தாக வேண்டும். 2022-ஆம் ஆண்டு அடையாளம் காணல் சட்டப்படி பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். ஆனால் முன்பு தண்டனை பெறாதவர் விடுதலையாகி, மேல்முறையீடுகளும் முடிந்துவிட்டால், கோர்ட் காரணத்தை எழுதித் தடுத்தாலொழிய, அழிப்பது கட்டாயம். அதற்கும் நீங்கள்தான் மனு போட வேண்டும் என்பதுதான் வேதனை.

இங்கிலாந்தில் 11 வயதில் கைதான சிறுவன் ஒருவன் விடுதலையான பிறகும் அவன் மாதிரியை போலீஸ் விடவில்லை. அது தவறு என்று 2008-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் 17 நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள்.

கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியைத் தடவச் சில நொடிதான். ஆனால் அந்தக் குச்சியில் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று குடும்பமே ஒட்டிக்கொண்டு போகிறது. நீங்கள் வீடு திரும்பிவிட்டீர்கள்; குடும்பம் மட்டும் ஸ்டேஷனிலேயே உட்கார்ந்திருக்கலாமா? இன்றே மனு போடுங்கள். நகலில் முத்திரை வாங்க மறக்காதீர்கள். எச்சிலும் வெளியே வந்தால்தான் அது முழு விடுதலை!