நாலு தளம், ஒரே கேட்

கேள்வி: வாடகை வீட்டுக்காக நாலு இணையதளங்களை மேய்கிறேன். எதை எங்கே பார்த்தேன் என்றே நினைவில்லை. என்ன செய்ய?
– வாசகி, வேளச்சேரி

பதில்: பழைய நோட்டு ஒன்றை எடுங்கள். தெரு, மாடி, போன் நம்பரின் கடைசி நாலு எண், இவ்வளவு போதும். நாலு வாடகை சொல்லும் நாலு வீடும் ஒரே பச்சை கேட் வீடுதான் என்பது இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும். ‘மெட்ரோவுக்கு 5 நிமிடம்’ என்றால், யார் ஓடி என்று கேளுங்கள். மெயின்டனன்ஸ், தண்ணீர் லாரிக் காசுக்குத் தனிக் கட்டம் போடுங்கள். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான். இதை ஓனரிடம் சொல்லிப் பாருங்கள், பட்டியல் தானாகச் சுருங்கும்! ஒன்று மட்டும்: வீட்டை நேரில் பார்க்காமல் டோக்கன் பணம் அனுப்பிவிடாதீர்கள்.