இரண்டு பக்கமும் டேலி

எண்களைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். ஊரில் இது யாருக்கும் தெரியாது. பெயருக்குப் பின்னால் பி.காம். இருக்கிறது. தபாலில் படித்த பி.காம். பாடப் புத்தகங்கள் வந்த கவர்களில் பாதியை நான் பிரிக்கவே இல்லை என்பது எனக்கும், அவற்றைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்ட என் மனைவிக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.

சிங்கப்பூர் மச்சான் போன் பண்ணினான். "மச்சான், நம்ம பக்கம் மரம் வைக்கிற, குளம் தூர்வார்ற சங்கம் ஒண்ணுக்குப் பணம் கொடுக்கலாம்னு இருக்கேன். நீதான் கணக்குத் தெரிஞ்ச ஆளு. அவங்க ஒழுங்கா செலவு பண்றாங்களா, ஏதாவது நடக்குதான்னு பாத்துச் சொல்லேன்." முடியாது என்று சொல்லியிருக்கலாம். "ரிப்போர்ட்டை அனுப்பச் சொல்லு, ஒரு மணி நேர வேலை" என்று சொல்லித் தொலைத்தேன்.

சங்கத்தின் பெயர் வேண்டாம். கடலூரில் மரம், சிதம்பரத்தில் குளம் என்று இரண்டு ஊரிலும் ஓடுகிறவர்கள், பாவம். இங்கே சொல்லப்போகிற கோளாறுகள் எல்லாம் என்னுடையவை.

ஆண்டறிக்கையில் 'ரிசீட்ஸ் அண்ட் பேமென்ட்ஸ்' என்று ஒரு பக்கம். இடது பக்கம் வந்த பணம், வலது பக்கம் போன பணம், அடியில் இரண்டுக்கும் ஒரே தொகை. ஒரு ரூபாய் பிசகில்லை! வந்ததை எல்லாம் ஊருக்கே கொட்டிவிட்டார்களே என்று உருகிப்போய் மச்சானுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். சங்கத்தில் கணக்கு எழுதும் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "சார், வலது பக்கம் கடைசி வரி க்ளோசிங் பேலன்ஸ். பேங்க்ல மிச்சம் இருக்கிற பணம். அதையும் சேத்துத்தான் கூட்டுறோம். யார் எழுதினாலும் டேலி ஆகும் சார்." திருடன் எழுதினாலும் ஆகுமாம். இன்னும் அழகாகவே ஆகுமாம்.

அந்தப் பக்கத்தில் கைமாறிய பணம் மட்டும்தான் வரும். ஜேசிபிக்காரருக்குப் பாக்கி இருக்கிறதா, தருகிறேன் என்று மேடையில் சொன்னவர் தந்தாரா என்பதற்கெல்லாம் வருமானச் செலவினக் கணக்கையும் பேலன்ஸ் ஷீட்டையும் புரட்ட வேண்டும். நான் புரட்டினேன். கூடவே, மனைவி பழைய பேப்பருக்குப் போட்ட புத்தகத்தை யாரிடமாவது இரவல் வாங்க முடியுமா என்றும் விசாரித்தேன்.

அடுத்து, நிர்வாகச் செலவு. நன்கொடை கொடுக்கிற எல்லோருக்கும் இந்த எண்மேல் ஒரு வெறி. சட்டத்துக்கும் உண்டு. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில், வரும் பணத்தில் 50 சதவீதம்வரை நிர்வாகத்துக்குச் செலவழிக்கலாம் என்று இருந்ததை 2020 திருத்தம் 20 ஆக்கியது. கம்பெனிகள் கொடுக்கும் சி.எஸ்.ஆர். பணத்தில் கம்பெனியே நிர்வாகத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் எழுத முடியாது. இதையெல்லாம் முதல்நாள் ராத்திரி படித்துக்கொண்டு போய், சிவப்புப் பேனாவால் டீ, பன், வேன் டீசல், சம்பளம் எல்லாவற்றையும் வட்டம் போட்டு, "மூணுல ஒரு பங்கு நிர்வாகத்துக்கே போகுதே சார்?" என்று குரலைக் கனமாக்கிக் கேட்டேன்.

செயலாளர் ரிட்டயர்டான தமிழ் வாத்தியார். கோபப்படவில்லை. "அந்தச் சம்பளம் தண்ணி ஊத்தறவருக்கு சார். அவரை நிறுத்திட்டா நிர்வாகச் செலவு அடியோட கொறஞ்சிடும். கன்னும் செத்துடும்." பேனாவுக்கு மூடி எங்கே என்று தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

சரி, கணக்கு நமக்கு வராது, விளைச்சலைப் பார்ப்போம் என்று கடலூருக்கு வண்டியை எடுத்தேன். தேவனாம்பட்டினம் போகிற பீச் ரோடு. சித்திரை வெயில். மரக்கூண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். ஒரு டீக்கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், "சார், கூண்டை எண்றீங்களா, மரத்தை எண்றீங்களா?" என்றார். எட்டிப் பார்த்தேன். அந்தக் கூண்டுக்குள் எருக்கஞ்செடி. அடுத்ததில் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. "கன்னு போன வருசமே போச்சு. கூண்டை எடுத்தா யாராவது கேப்பாங்களேன்னு விட்டு வச்சிருக்கு." திரும்ப முதலிலிருந்து எண்ணினேன் என்று இங்கே எழுத ஆசைதான்.

அந்த டீக்கடையில் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. நட்ட கன்று எத்தனை என்பது செலவுக் கணக்கு. மூன்று கோடை தாண்டி நிற்பது எத்தனை என்பதுதான் விளைச்சல். கடலூரில் அதற்கு மேலும் ஒரு பரீட்சை இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயல் இந்த மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் சாய்த்துவிட்டுப் போனதை யாரும் மறந்திருக்க முடியாது. அதற்கு முந்தின வாரம் ஒருவர் மரம் எண்ணியிருந்தால், அவருடைய அறிக்கையை மாதிரி சுத்தமான பொய் வேறு இருந்திருக்காது. அவரும் கூண்டை எண்ணியிருக்கலாம், என் வகையறா.

சிதம்பரத்துக் குளத்துக்கு வருகிறேன். அறிக்கையில் இரண்டு போட்டோ. முதலாவதில் காய்ந்த சேறும் குப்பையும். அடுத்ததில் நீர் தளும்பி, மேகம் தெரிகிறது. அசந்துபோய் 'சிறப்பான மாற்றம்' என்று ஓரத்தில் எழுதினேன். என் மகள் போட்டோவுக்குக் கீழே இருந்த தேதியைக் காட்டினாள். முதல் படம் மே, அடுத்தது டிசம்பர். ஓமக்குளம், நாகச்சேரி, ஞானப்பிரகாசர் குளம் என எதை எடுத்தாலும் மார்கழியில் அழகாகத்தான் இருக்கும். நான் பாராட்டுக் கடிதம் எழுதியது வடகிழக்குப் பருவமழைக்கு.

இதில் நான் மட்டும் ஏமாளி இல்லை என்பதற்கு ஒரு சாட்சி தேடினேன், பக்கத்திலேயே அகப்பட்டது. 2004 சுனாமிக்குப் பிறகு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்திலிருந்து கதிரேசனும் ராஜேந்திரனும் 18 மீனவக் குக்கிராமங்களை ஆராய்ந்து, அலையாத்திக் காடு உயிர்களைக் காத்தது என்று 2005இல் எழுதினார்கள். கடலூர் மாவட்டக் கரையை வைத்தே 'சயின்ஸ்' இதழிலும் அதே வருடம் ஒரு கட்டுரை வந்தது. 2006இல் கெர், பேர்ட், காம்ப்பெல் என்ற மூவர் பரங்கிப்பேட்டைக்காரர்களின் எண்களை மறுபடி கணக்குப் போட்டு, தப்பித்த ஊர்கள் பெரும்பாலும் கடலிலிருந்து தள்ளியும் மேட்டிலும் இருந்தவை, காட்டின் பங்கு மிகக் கொஞ்சம் என்றார்கள். அதற்கும் மறுப்பு வந்தது. காப்பாற்றியது மரமா, மேடா? டாக்டர் பட்டம் வாங்கியவர்களே இப்படி மல்லுக்கட்டியிருக்கும்போது என் வாய்ஸ் மெசேஜை மன்னிக்கலாம்.

அதே கரையில், பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் கதை ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து பாத்தி பாத்தியாக மொட்டையடித்த இடங்களில் தரை பள்ளமாகிப் போனது. உள்ளே வந்த ஓதநீர் வெளியே போக வழியில்லாமல் தேங்கி, காய்ந்து, உப்பு ஏறி, மறுபடி எதுவும் முளைக்கவில்லை. என்னைக் கேட்டிருந்தால் 'கன்று நடுங்கள், போட்டோ எடுங்கள்' என்றிருப்பேன். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து முதலில் வாய்க்கால் வெட்டினார்கள். ஓதம் போக வர, உப்பு இறங்க, நட்டது நின்றது. சுமார் 15 ஆண்டுகளில் காட்டுப் பரப்பு ஏறக்குறைய 90 சதவீதம் கூடியதாக 2003இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் காட்டினார்கள். அந்த வாய்க்கால் தோண்டிய செலவை நான் 'இதர செலவுகள்' என்று சுழித்திருப்பேன்.

நடுவில் மச்சான் பணத்தையே அனுப்பிவிடத் தயாரானான். "ஃபாரின் பணம்னு ஏதாச்சும் தகராறு வருமா?" என்றான். "நீ நம்ம பையன்டா, என்ன ஃபாரின்?" என்றேன். இந்தியப் பாஸ்போர்ட்காரர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் நான் சொன்னது சரி. மச்சான் சிங்கப்பூரின் சிவப்புப் பாஸ்போர்ட் வாங்கி எத்தனையோ வருஷமாகிறது. அதற்கு வைத்த விருந்தில் நானே வீடியோ காலில் கைதட்டியிருக்கிறேன். வெளிநாட்டு நன்கொடைக்கான 2010ஆம் வருடச் சட்டம் ரத்தத்தைப் பார்க்காது, குடியுரிமையைப் பார்க்கும். சங்கத்துக்கு அந்தச் சட்டத்தின்கீழ் பதிவு கிடையாது. பதிவு இருந்தால்கூட, பணம் முதலில் டெல்லியில் ஒரு குறிப்பிட்ட ஸ்டேட் பேங்க் கிளையில் இறங்கித்தான் சிதம்பரம் வர வேண்டும். அனுப்பியிருந்தால் வாத்தியார்தான் பதில் சொல்லிக்கொண்டு அலைந்திருப்பார். நான் சிபாரிசு செய்தவன் என்ற முறையில் காணாமல் போயிருப்பேன்.

வெட்கத்தில் நானே 2500 ரூபாய் கொடுத்தேன். ரொக்கமாக. 80ஜி வரிவிலக்கு ரசீதைப் பத்திரமாகப் பீரோவில் வைத்தேன். ரொக்கம் 2000க்கு மேல் போனால் விலக்கு கிடையாது என்று பிறகு தெரிந்தது. நான் இருப்பது புது வரி முறை, அதில் இந்த விலக்கே கிடையாது என்பது அதற்கும் பிறகு.

மச்சானுக்காக ஒரு மதிப்பீட்டுப் படிவமும் தயாரித்தேன். நட்ட கன்றுகள், தூர்வாரிய குளங்கள், நிர்வாகச் சதவீதம் எனக் கட்டம் கட்டமாக. சோதித்துப் பார்க்க கடலூரின் பழைய கதை ஒன்றை அதில் நிரப்பினேன். சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் 2004இல் ஒரு கண்காணிப்புக் குழு ஆரம்பித்தார்கள். ஆங்கிலச் சுருக்கத்தில் 'சாசெம்'. எந்த நேரம், எந்தப் பக்கத்திலிருந்து, என்ன மாதிரி நாற்றம் என்று நோட்டில் எழுதினார்கள். ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து, ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 22 ரசாயனங்கள், அதில் 8 புற்றுநோய் தரக்கூடியவை. பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்டு நீரி என்ற அரசு ஆராய்ச்சி நிறுவனம் ஆய்வு செய்தது. அங்கே வசிப்பவருக்கு ஆயுளில் புற்றுநோய் வரும் அபாயம் குறைந்தது 2000 மடங்கு அதிகம் என்று அந்த ஆய்வை வைத்துச் சொன்னார்கள்.

என் படிவத்தில் அவர்களுக்குக் கன்று பூஜ்யம், குளம் பூஜ்யம். பக்கெட்டை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியவில்லை. 'அலுவலக உபகரணம்' என்று போட்டேன். மொத்தம் நூற்றுக்குப் பூஜ்யம் வந்தது. கூட்டலில் தப்பில்லை, இந்த ஒரு தடவை மகளிடம் கொடுத்துச் சரிபார்த்தேன்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு சங்கம் இருக்கும். உண்டியலில் போடுவதற்கு முன் ஆண்டறிக்கையைக் கேட்டு வாங்குங்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள். போட்டோக்களில் மாதம் என்ன என்று பாருங்கள். தண்ணீர் ஊற்றுகிறவருக்குச் சம்பளம் எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள், இல்லையென்றால் கேளுங்கள். பணத்தைச் செக்காகவோ ஆன்லைனிலோ கொடுங்கள். கணக்கில் சந்தேகம் வந்தால் ஊரில் நல்ல ஆடிட்டராகப் பார்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குப் போன் பண்ண வேண்டாம்.