முதுமாணிக்குப் பதிவதற்கு முன்

கேள்வி: கடுகண்ணாவையிலிருந்து வேலைக்குப் போய்க்கொண்டே பேராதனையில் முதுமாணி படிக்க முடியுமா?

பதில்: பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பட்டப்பின் படிப்புக்கெனத் தனி நிறுவகங்கள் உண்டு. விவசாயத்துக்கானது 1975இலும் விஞ்ஞானத்துக்கானது 1996இலும் தொடங்கின. உங்கள் பாடத்துக்கு அப்படியொரு நிறுவகம் இருந்தால் அதில் பதிய வேண்டும்.

படிப்பின் அளவை இலங்கைத் தகைமைகள் சட்டகம் வகுக்கிறது. பாடநெறி வழி முதுமாணிக்குக் குறைந்தது 30 கிரெடிட். ஆய்வும் சேர்ந்தால் 60. பாடநெறியில் ஒரு கிரெடிட் என்பது 50 மணி நேர உழைப்பு. ஆக, முப்பதுக்கு 1500 மணி. விரிவுரை மட்டுமல்ல, வீட்டில் வாசிப்பதும் ஒப்படை எழுதுவதும் பரீட்சைக்குத் தயாராவதும் இதில் அடங்கும். வேலை பார்ப்பவர் தூரத்தைவிட இந்தக் கணக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கடுகண்ணாவைக்கும் பேராதனைக்கும் இடையே பஸ்ஸும் ரயிலும் தாராளம்.

முதுமாணிக்கு மேலான ஆய்வுப் பட்டங்களுக்குப் போவதானால், முதுதத்துவமாணிக்கு முழுநேர ஆய்வாகக் குறைந்தது 2 ஆண்டு, கலாநிதிக்கு 3. இவற்றுக்குப் பொருத்தமான மேற்பார்வையாளர் அமைவது, விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதைவிடப் பெரிய வேலை. ஆய்வு முன்மொழிவோடு அவரை முன்கூட்டியே அணுகுவது நல்லது. பதிவை உரிய காலத்தில் புதுப்பித்து, முன்னேற்ற அறிக்கைகளையும் தவறாமல் கொடுக்க வேண்டும். ஆய்வேட்டைச் சமர்ப்பித்தபின் வாய்மொழிப் பரீட்சை உண்டு.